ஒரு வளவு, மூன்று வீடுகள்: குடும்பக் காணியைப் பிரித்துக் கட்டும் முன் அறிய வேண்டியவை

கொக்குவில், கோண்டாவில், திருநெல்வேலிப் பக்கத்து ஒழுங்கைகளில் நடந்தால் ஒரு மாற்றம் கண்ணில் படும். ஒரு காலத்தில் நடுவில் ஒரு வீடும், பின்னால் கிணறும், சுற்றிவரக் கதியால் வேலியும் இருந்த வளவுகளில் இன்று இரண்டு, மூன்று வீடுகள் எழுந்திருக்கின்றன. வேலி இருந்த இடத்தில் மதில். மாமரம் நின்ற இடத்தில் மகளின் வீடு. அதற்குப் பின்னால் இன்னொரு மகளின் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியபடி கிடக்கிறது.

இதற்குக் காரணங்கள் பல. பெண் பிள்ளைக்கு வீடும் காணியும் சீதனமாகக் கொடுக்கும் வழக்கம் யாழ்ப்பாணத்தில் இன்னும் இருக்கிறது. இடம்பெயர்ந்து போன குடும்பங்கள் திரும்பி வந்தபோது ஒரே கூரையின் கீழ் மூன்று குடும்பங்கள் இருக்க வேண்டி வந்தது. நகரத்தையும் பல்கலைக்கழகத்தையும் அண்டிய இடங்களில் புதிதாகக் காணி வாங்குவது சாதாரணச் சம்பளக்காரரால் முடியாத காரியமாகிவிட்டது. இருக்கிற காணியைப் பிரிப்பதுதான் மிஞ்சியிருக்கும் வழி.

இதில் பலர் தவறவிடும் விடயம் ஒன்று உண்டு. நொத்தாரிசு எழுதும் உறுதி ஒருவரைக் காணிக்கு உரியவராக்கும். ஆனால் அந்தத் துண்டில் வீடு கட்டலாமா என்பதை உறுதி தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிப்பவை உள்ளூராட்சி சபையும் திட்டமிடல் விதிகளும்தான். உறுதியை முதலில் எழுதி, மதிலையும் கட்டிவிட்டு, கடைசியாகச் சபைக்குப் போகிறவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

எந்தச் சட்டம், எந்தச் சபை?

யாழ். மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், 13 பிரதேச சபைகள் என 17 உள்ளூராட்சி சபைகள் இருக்கின்றன. கட்டட அனுமதிக்கும் காணிப் பிரிப்பு அனுமதிக்கும் போக வேண்டிய முதல் வாசல் உங்கள் காணி எந்தச் சபையின் எல்லைக்குள் இருக்கிறதோ அந்தச் சபைதான். பிரதேச செயலகம் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு அலைபவர்கள் நிறைய.

சபை எந்தச் சட்டத்தின்படி அனுமதி வழங்கும் என்பது இடத்தைப் பொறுத்தது. 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் அபிவிருத்திப் பிரதேசமாக வெளிப்படுத்தப்பட்ட இடங்களில் அந்த அதிகார சபையின் விதிகள் பொருந்தும். 1986 இல் வந்த திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகள் நீண்டகாலம் நடைமுறையில் இருந்தன. 2021 ஜூலையில் புதிய பொது விதிகள் வர்த்தமானியில் வெளியாயின. அவ்வாறு வெளிப்படுத்தப்படாத இடங்களில் 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமே இன்றும் அடிப்படை.

ஆகவே சபையில் கேட்க வேண்டிய முதற் கேள்வி: "எனது காணி நகர அபிவிருத்தி அதிகார சபையின் பிரதேசத்துக்குள் வருகிறதா, அந்தப் பகுதிக்கெனத் தனி அபிவிருத்தித் திட்டம் இருக்கிறதா?" தனித் திட்டம் இருந்தால் கீழே சொல்லப்படும் பொது அளவுகள் அங்கே மாறுபடலாம்.

பரப்புக் கணக்கும் மீற்றர் கணக்கும்

வீட்டில் நாம் பரப்பிலும் குழியிலும் பேசுகிறோம். சபையின் விதிகள் சதுர மீற்றரில் பேசுகின்றன. ஒரு ஏக்கர் 16 பரப்பு. ஒரு பரப்பு 18 குழி, அதாவது 10 பேர்ச். சதுர அடியில் ஏறத்தாழ 2,722, சதுர மீற்றரில் 253. வயற் காணியின் கணக்கு வேறு: அங்கே ஒரு பரப்புக்கு 12 குழி, ஏக்கருக்கு 24 பரப்பு. பழைய உறுதியில் எந்தப் பரப்பு எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்காமல் கணக்குப் போடக்கூடாது.

அதிகார சபையின் பொது விதிகளில் குடியிருப்புத் துண்டு ஒன்றின் மிகக் குறைந்த பரப்பளவு 150 சதுர மீற்றர். நமது கணக்கில் இது 11 குழிக்குச் சற்றுக் குறைவு. துண்டின் அகலம் 6 மீற்றருக்கு, அதாவது ஏறத்தாழ 20 அடிக்குக் குறையக்கூடாது. துண்டில் கட்டடம் மூடக்கூடிய நிலம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே. சாதாரண உயரமுள்ள வீட்டின் பின்புறத்தில் 2.3 மீற்றர், அதாவது ஏழரை அடி வெளியிடம் விட வேண்டும். யன்னல் வைக்கும் பக்கத்தில் உங்கள் எல்லைக்குள்ளேயே வெளியிடம் வேண்டும். அயலவரின் காணியைப் பார்த்து, மதிலோடு ஒட்டி யன்னல் வைக்க முடியாது.

பின் துண்டுக்குப் போகும் ஒழுங்கைக்கும் அளவு உண்டு. மூன்று நான்கு வீடுகளுக்கு மட்டும் போகும் குறுகிய ஒழுங்கை என்றால் 3 மீற்றர், அதாவது 10 அடி. வீடுகளின் எண்ணிக்கையும் ஒழுங்கையின் நீளமும் கூடக் கூட 4.5, 6, 9 மீற்றர் என அகலமும் கூடும்.

இரண்டு பரப்பை மூன்றாகப் பிரித்தால்

ஓர் உதாரணத்தைப் போட்டுப் பார்ப்போம். வீதிப் பக்கம் 40 அடி, உள்நோக்கி 136 அடி. இது கிட்டத்தட்டச் சரியாக 2 பரப்பு. பெற்றோருக்கு மூன்று பிள்ளைகள்.

முதல் யோசனை, வீதியிலிருந்து பின் எல்லை வரை நீளவாக்கில் மூன்று கீற்றாக வெட்டுவது. ஒவ்வொருவருக்கும் வீதிப் பக்கம் 13 அடி சொச்சமே கிடைக்கும். 20 அடி வேண்டும் என்ற விதியில் இது விழுந்துவிடும்.

இரண்டாவது யோசனை, ஒரு பக்கத்தில் 10 அடி ஒழுங்கை விட்டு, முன் துண்டு, நடுத் துண்டு, பின் துண்டு எனப் பிரிப்பது. ஒழுங்கைக்கு ஏறத்தாழ 990 சதுர அடி போய்விடும். மிச்சத்தைச் சமமாகப் பிரித்தால் ஒருவருக்கு 1,483 சதுர அடி, அதாவது 138 சதுர மீற்றர் அளவில் வரும். 150 இற்கு எட்டவில்லை. இதே காணியை இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் பிரித்தால் ஒழுங்கை போக ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 216 சதுர மீற்றர் கிடைக்கும். தாராளமாகக் கட்டலாம்.

அதாவது பொது அளவுகள் பொருந்தும் இடத்தில், 40 அடி முகப்புள்ள 2 பரப்புக் காணி இரண்டு தனி வீட்டுத் துண்டுகளைத் தாங்கும். மூன்றைத் தாங்காது. "ஒழுங்கையைக் கொஞ்சம் ஒடுக்கினால் சரிவரும்" என்றுதான் வீட்டில் பேச்சு வரும். ஆறடிப் பாதை விட்டு உறுதி எழுதிவிடவும் முடியும். பின் துண்டுக்காரர் பத்து வருடம் கழித்துக் கட்டட அனுமதிக்குப் போகும்போதுதான் பிரச்சினை தெரியவரும். அப்போது முன் துண்டில் வீடும் மதிலும் எழுந்திருக்கும். பாதையை அகட்ட இடமிராது.

மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் வேறு வழிகள் இல்லாமலில்லை. இரண்டு துண்டாகப் பிரித்து ஒன்றில் மாடி வீடு கட்டி இருவர் இருக்கலாம். ஒருவரின் பங்கை மற்ற இருவரும் பணமாகக் கொடுத்துத் தீர்க்கலாம். முன்பின் காணியிலிருந்து ஒரு துண்டை வாங்கிச் சேர்க்கலாம். எதுவானாலும் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே, அளவு நாடா கையில் இருக்கும்போதே பேசி முடிக்க வேண்டிய விடயம் இது.

கிணறும் மலக்குழியும்

விதிப் புத்தகத்தைவிடக் கண்டிப்பான ஒரு விதியை யாழ்ப்பாணத்தின் நிலமே வைத்திருக்கிறது. குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளிலும் குழிகளிலும் தேங்கி நிற்கிறது. மேலே ஊற்றுவது வடிகட்டப்படாமலே விரைவாகக் கீழே போகக்கூடிய நிலம் இது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவு, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் பல தடவை காட்டியுள்ளன. தோட்ட உரம் ஒரு காரணம். மலக்குழிகள் இன்னொரு காரணம். புட்டிப்பால் கரைக்க இந்தத் தண்ணீரைப் பயன்படுத்தினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து.

கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் இடையே பொதுவாகக் கேட்கப்படும் இடைவெளி 50 அடி. மேலே பார்த்த 138 சதுர மீற்றர்த் துண்டு 30 அடி அகலமும் 49 அடி நீளமும் கொண்டது. ஒரு மூலையில் கிணறும் எதிர் மூலையில் குழியும் வைத்தால் மூலைக்கு மூலை 57 அடி வரும். ஆனால் அந்த மூலைக்கு அடுத்த பக்கத்தில் அக்காவின் கிணறு இருந்தால்? உங்கள் துண்டுக்குள் மட்டும் பார்த்தால் எல்லாம் சரி. மதிலுக்கு அப்பால் பார்த்தால் எல்லாம் பிழை. நிலத்தடி நீர் மதிலைப் பார்த்து நிற்பதில்லை.

ஆகவே துண்டு துண்டாக அல்லாமல், வளவு முழுவதற்கும் ஒரே படம் கீறி, கிணறு எங்கே, குழிகள் எங்கே என்று முதலிலேயே குறிக்க வேண்டும். பழைய உறுதிகளில் "பங்குக் கிணறும் வழிவாய்க்காலும்" என்று எழுதப்பட்டிருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். முன்னோர் தோட்டத்துக்காகச் செய்த ஏற்பாடு அது. ஒரு பொதுக் கிணற்றையே எல்லாரும் பாவிப்பதும், குழிகளை எல்லாம் அதற்குத் தூரமாக ஒரே பக்கம் ஒதுக்குவதும் சிறு துண்டுகளுக்கு இன்றும் பொருத்தமான வழி. அந்தக் கிணற்று உரிமையை ஒவ்வொருவரின் உறுதியிலும் எழுத வேண்டும். தாளையடி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024 ஓகஸ்ட்டில் திறக்கப்பட்டது. குழாய்நீர் இணைப்பு வந்த வீட்டுக்குக் குடிநீர்க் கவலை குறையலாம். மலக்குழிப் பிரச்சினை குறையாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பதைத் தொந்தரவாக நினைக்க வேண்டாம். குழி வெட்டும் முன் அவரிடம் கேட்பதே நல்லது.

ஒழுங்கை யாருடையது?

அம்மா இருக்கும் வரை எல்லாரும் முன் வாசலால்தான் போய் வருவார்கள். அம்மாவின் காலத்துக்குப் பின், முன் துண்டு வெளியாருக்கு விற்கப்பட்டால் படலை பூட்டப்படலாம். பின் துண்டுக்காரரிடம் இருப்பது வாய்ப்பேச்சு மட்டும் என்றால் அவர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். வேறு வழியில்லாத காணிக்கு அவசியப் பாதை கோரும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. அதைப் பெறுவதற்குக் காசும் வருடங்களும் செலவாகும்.

எனவே ஒழுங்கையை நில அளவைப் படத்தில் தனித் துண்டாகக் காட்ட வேண்டும். அதன் அகலத்தையும், யார் யாருக்கு அதில் உரிமை என்பதையும் எல்லா உறுதிகளிலும் ஒரே மாதிரி எழுத வேண்டும். மின்கம்பி, குடிநீர்க் குழாய், வெள்ளவாய்க்கால் ஆகியவை அந்த ஒழுங்கையால் போகலாம் என்ற வசனத்தையும் சேர்ப்பது நல்லது.

உரித்தில் உள்ள முடிச்சுகள்

போர் நம்மிடையே விட்டுச்சென்ற சிக்கல்கள் பிரிப்பு வேலையில்தான் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன.

உறுதி தொலைந்தது: இடப்பெயர்வில் உறுதி போயிருந்தால் காணி போய்விட்டது என்று அர்த்தமில்லை. நொத்தாரிசு எழுதும் உறுதியின் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். உறுதி இலக்கம் தெரியாவிட்டாலும் பெயர், காணியின் பெயர், எல்லைகள் ஆகியவற்றைக் கொண்டு தேடுவித்து அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்கலாம்.

பிரிபடாத பங்கு: தாய் தந்தையர் உறுதி எழுதாமல் இறந்திருந்தால் பிள்ளைகள் எல்லாரும் பங்காளிகள். ஒருவர் தன் பங்கில் கட்டப்போவதாகச் சொன்னாலும் சபை மற்றவர்களின் சம்மதத்தைக் கேட்கும். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தினூடாக அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பலாம். அது இங்கே பதியப்பட வேண்டும். அவர் வேறு நாட்டுப் பிரஜையாகிவிட்டால், அவர் பெயருக்குத் துண்டு எழுதும் முன் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணி பராதீனப்படுத்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் பற்றிச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். பங்காளிகள் இணங்கவே மாட்டார்கள் என்றால் 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு வைக்கலாம். பிரிக்க முடியாத அளவு சிறிய காணி என்றால் அதை விற்றுப் பணத்தைப் பகிரும்படி கட்டளை வரக்கூடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

பங்கை விற்பது: தேசவழமை பொருந்துபவர்கள் பிரிபடாத பங்கை வெளியாருக்கு விற்கும் முன் ஏனைய பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும். 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கத் தேசவழமை முன்வாங்குரிமைக் கட்டளைச் சட்டம் அந்த உரிமையை அவர்களுக்குக் கொடுக்கிறது.

கணவர் காணாமற்போன பெண்கள்: 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சொந்தச் சீதனக் காணியைக்கூடக் கணவரின் எழுத்துமூலச் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. கணவர் எங்கே என்று தெரியாத பெண் யாரிடம் கையெழுத்து வாங்குவார்? மகளுக்கு ஒரு துண்டு எழுதிக்கொடுக்க முடியாமல் நிற்பது இந்தத் தாய்மார்தான். கணவரின் இருப்பிடம் தெரியாத நிலையில் அந்தச் சம்மதமின்றியே எழுத அனுமதி தரும்படி மாவட்ட நீதிமன்றத்தைக் கேட்க அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பெறும் காணாமற்போனமைச் சான்றிதழ் அந்த விண்ணப்பத்துக்கு ஆதாரமாகும். இறப்புச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத பெண்கள் அதை எடுத்தே தீர வேண்டும் என்று யாரும் வற்புறுத்தத் தேவையில்லை. வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவும். யாழ்ப்பாணத்திலும் அதற்கு அலுவலகம் உண்டு.

வன்னியில் அனுமதிப்பத்திரக் காணி: 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த காணியை மேலே சொன்னபடி உறுதி எழுதிப் பிரிக்க முடியாது. பிரிக்கக்கூடிய மிகக் குறைந்த அளவு அனுமதிப்பத்திரத்திலோ அளிப்பிலோ குறிக்கப்பட்டிருக்கும். இங்கே மட்டும் முதலில் போக வேண்டிய இடம் பிரதேச செயலகம்.

கட்டக்கூடாத இடங்கள்

வயற் காணியை நிரப்பி வீடு கட்டுவதற்கு 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் முன் அனுமதி வேண்டும். உறுதியில் வயல் என்றிருக்கும் காணியை மலிவாக வாங்கும் முன் யோசியுங்கள். கடலின் உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப் பக்கமாக 300 மீற்றர் வரையான பகுதி கரையோர வலயம். அங்கே கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். வீதியோரக் காணிகளுக்குத் தெருக்கோடும் கட்டட எல்லைக்கோடும் உண்டு. வீதி அகலிக்கப்படும்போது அந்தக் கோட்டுக்குள் கட்டியதற்கு நட்டஈடு கேட்பது கடினம்.

எந்த வேலை முதலில்?

1. காணிப் பதிவகத்தில் உரித்தைத் தேடுவித்து, அடமானம், வழக்கு எதுவும் பதியப்படவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள்.

2. சபையில் தெருக்கோட்டுச் சான்றிதழ் கேளுங்கள். துண்டின் மிகக் குறைந்த அளவு, ஒழுங்கை அகலம் இரண்டையும் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

3. அனுமதிபெற்ற நில அளவையாளரைக் கொண்டு உத்தேசப் பிரிப்புப் படம் கீறுங்கள். கிணறு, குழி, ஒழுங்கை மூன்றும் அதில் வர வேண்டும். எல்லைக் கல் நடுவது பிறகு.

4. அந்தப் படத்துக்குச் சபையின் காணிப் பிரிப்பு அனுமதி பெறுங்கள்.

5. அனுமதி பெற்ற படத்தின் இலக்கத்தையும் துண்டு இலக்கத்தையும் குறித்து உறுதி எழுதுங்கள். உடனே பதியுங்கள்.

6. வீட்டு வரைபடத்துக்குக் கட்டட அனுமதி பெறுங்கள். அனுமதிக்குக் காலவரை உண்டு. நகர அபிவிருத்திப் பிரதேசங்களில் அது ஒரு வருடம். கட்டி முடியாவிட்டால் காலம் முடியும் முன் நீடிக்கக் கேளுங்கள்.

7. கட்டி முடிந்ததும், அனுமதித்தபடியே கட்டப்பட்டது என்று சபை கொடுக்கும் சான்றிதழைப் பெறுங்கள். சோலைவரிப் பதிவையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் காசில் கட்டுவதால் வங்கிக்கடன் தேவையில்லை, ஆகவே அனுமதியும் தேவையில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. நாளை அந்த வீட்டை விற்கவோ, மகனின் படிப்புக்காக ஈடுவைக்கவோ போகும்போது வங்கி கேட்பது இந்தப் பத்திரங்களைத்தான். அனுமதியற்ற கட்டடத்தை இடித்தகற்ற நீதிவான் நீதிமன்றத்தில் கட்டளை பெறும் அதிகாரமும் சட்டத்தில் இருக்கிறது. அயலவர் ஒருவரின் முறைப்பாடே அதற்குத் தொடக்கமாகலாம்.

சபையில் இழுத்தடித்தால்

2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் முடிந்தபின், 2025 மே 6 தேர்தல் வரை அதிகாரிகளே அவற்றை நடத்தினார்கள். இப்போது உங்கள் வட்டாரத்துக்கு உறுப்பினர் இருக்கிறார். விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று அவரிடம் கேட்கலாம். ஆனால் அனுமதி, திட்டமிடல் குழு விதிகளைப் பார்த்து எடுக்கும் முடிவு. "நான் சொல்லித் தாறன், கட்டத் தொடங்குங்கோ" என்று எவர் சொன்னாலும் எழுத்தில் இல்லாத அனுமதி அனுமதியல்ல.

விண்ணப்பத்தைக் கொடுத்த நாளில் பற்றுச்சீட்டு வாங்குங்கள். நிராகரித்தால் எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலருக்கு எழுதலாம். தகவலைத் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

இவ்வளவும் ஒரு சிறிய வீட்டுக்கா என்று தோன்றலாம். பிழையாகப் பிரிபட்ட வளவில் கடைசியாக மாட்டிக்கொள்பவர் பெரும்பாலும் பின் துண்டைப் பெற்றவர்: பாதை ஒடுங்கி, கிணற்றுக்கு இடமின்றி, அனுமதியும் கிடைக்காமல் நிற்பவர். அது கடைசித் தங்கையாகவோ, பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குத் திரும்பி வந்த அக்காவாகவோ இருக்கலாம். நில அளவையாளர் வரும் நாளில் பங்காளிகள் எல்லாரும் வளவில் நில்லுங்கள். பின் துண்டின் மூலையில் நின்று, அங்கிருந்து வீதிக்கு எப்படிப் போவது, கிணறு எங்கே, குழி எங்கே என்று அளந்து பாருங்கள். அந்த மூலையில் எல்லாம் சரிவந்தால் மற்றத் துண்டுகளும் பெரும்பாலும் சரிவரும்.